வலப்பக்கம் இன்னோர் இதயமா?

கேள்வி: இதயம் இடப்பக்கம் என்கிறார் மருத்துவர். ரமண மகரிஷியோ வலப்பக்கம் என்கிறார். தியானத்தில் மனத்தை எங்கே வைப்பது? அனாகதச் சக்கரமும் இதுதானா?
(வாசகர், திருச்சி)

பதில்: ரத்தம் இறைக்கும் உறுப்பு மார்பின் நடுவில், சற்றே இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ரமணர் பேசியது அதைப் பற்றி அல்ல. 'நான்' என்ற நினைவு எங்கிருந்து கிளம்புகிறதோ அதுவே அவர் சொல்லும் இதயம். 'உள்ளது நாற்பது அனுபந்தம்' என்ற தம் பாடல் நூலில் 'இருவிரல் வலத்தே' என்று அளவும் தருகிறார். 'நானா?' என்று கேட்கும்போது நம் கை மார்பைத்தானே தொடுகிறது!

அனாகதம் வேறு. ஆறு ஆதாரங்களில், அதாவது சக்கரங்களில், நான்காவது அது. முதுகுத்தண்டு வழியே செல்வதாக யோகம் சொல்லும் சுழுமுனை நாடியில், மார்புக்கு நேரே, 12 இதழ்த் தாமரையாகச் சொல்லப்படுவது.

இருவிரல் கணக்கைப் பிடித்துக்கொண்டு வலது மார்பையே உற்றுக் கவனிக்காதீர்கள். உடம்பே நான் என்றிருப்பவருக்காகச் சொன்ன இடம் அது. இதயத்துக்கு உள், வெளி இல்லை என்பதே அவருடைய முடிவு. அங்கேயே குறிவைத்தால் தசை இறுகும், மூச்சு திணறும், கடைசியில் அந்த இறுக்கத்தையே அனுபவம் என்று நம்பத் தோன்றும். (நிஜமாகவே மார்பு வலித்தால் மருத்துவரிடம் ஓடுங்கள், அதில் ஆன்மிகம் வேண்டாம்.)

எண்ணம் எழுந்ததும் அதன் பின்னே போகாமல் 'இது யாருக்கு?' என்று கேளுங்கள். 'எனக்கு' என்று வரும். 'அந்த நான் யார்?' என்று உள்ளே திரும்புங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: விடையை வார்த்தையில் தேடுவார்கள், அல்லது கேள்வியையே மந்திரம்போல் உருப்போடுவார்கள். கேள்வி கவனத்தைத் திருப்பத்தான். திரும்பியதும் அதை விட்டுவிடலாம். மனம் மிகவும் அலைந்தால் சிறிது நேரம் மூச்சைக் கவனிக்கலாம். ஆனால் மூச்சால் அடங்கிய மனம் மூச்சோடு மறுபடி கிளம்பிவிடும். அடங்கிய கையோடு 'நான் யார்?' என்ற விசாரணைக்குத் திரும்புங்கள்.

கேள்வி: நாயன்மாரில் ஒருவரான பூசலார் நெஞ்சில் கோயில் கட்டினார் என்பது வெறும் கற்பனைதானே?
(வாசகி, மதுரை)

பதில்: கற்பனைக்கு இவ்வளவு பொறுமை ஏது? மனத்திலேயே பொருள் தேடி, தச்சரைச் சேர்த்து, நாள் பார்த்து அடித்தளமிட்டு, தூபி நட்டு, சுதை பூசி, கிணறும் மதிலும் குளமும் ஒவ்வொன்றாக அமைத்தார் என்கிறது பெரியபுராணம். மானச பூஜை (மனத்துக்குள்ளேயே செய்யும் பூஜை) செய்பவர் பார்க்க வேண்டியது இந்த வரிசையைத்தான். அபிஷேகத்தை ஒரு நொடியில் நினைத்து முடித்துவிட்டுத் தீபாராதனைக்குத் தாவுகிறோம். மனம் நழுவுவது அந்த இடைவெளியில்தான். காடவர்கோன் என்னும் பல்லவ அரசன் காஞ்சியில் எடுத்த கற்கோயிலின் குடமுழுக்குக்குக் குறித்த நாளும் பூசலார் குறித்த நாளும் ஒன்றாக அமைய, 'உன் நாளை மாற்றிக்கொள்' என்று இறைவன் கனவில் சொன்னது அரசனிடம்.