மகள் மேஜராகிவிட்டாள், அப்பாவின் பொறுப்பு முடிந்துவிட்டதா?

கேள்வி: குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆவது பிரிவில் வழக்குப் போட்டு, மகளுக்கு மாதம் 8,000 ரூபாய் ஜீவனாம்சம் வாங்கி வந்தேன். மூன்று மாதத்துக்கு முன் அவளுக்கு 18 முடிந்தது. "இனி அவள் மேஜர், எனக்குப் பொறுப்பில்லை" என்று அவள் அப்பா பணத்தை நிறுத்திவிட்டார். அதற்கு முந்தைய நான்கு மாதப் பாக்கியும் இருக்கிறது. எனக்கு பனியன் கம்பெனியில் 11,000 சம்பளம். பி.எஸ்சி. முதல் வருடம் படிப்பவள், படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறாள். நாங்கள் இந்துக்கள். என்ன செய்வது?
- வாசகி, திருப்பூர்

பதில்: படிப்பை விட வேண்டாம் என்று முதலில் மகளிடம் சொல்லுங்கள். அவள் அப்பா சொல்வது பாதிதான் சரி.

125-ஆவது பிரிவு (இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144) மைனர் பிள்ளைகளுக்கானது. உடல், மனக் குறைபாட்டால் பிழைக்க முடியாத பிள்ளைக்கு மட்டும் 18-க்குப் பிறகும் நீளும். ஆகவே பழைய உத்தரவை வைத்துப் புதிய மாதங்களுக்குக் கேட்க முடியாது. ஆனால் 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 20(3) பிரிவு இருக்கிறது. தன் வருமானத்திலோ சொத்திலோ வாழ முடியாத, திருமணமாகாத மகளைப் பெற்றவர்கள் காப்பாற்றியே ஆக வேண்டும். வயது வரம்பு கிடையாது. அபிலாஷா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. (மகனுக்கு இந்தப் பிரிவு உதவாது.)

பலர் தவறுவது ஒரு இடத்தில்தான். 125-இல் மனு போட்டது நீங்கள். இப்போது அவள் மேஜர் என்பதால், குடும்பநல நீதிமன்றத்தில் மனுதாரர் உங்கள் மகள். "அப்பா மேல் நானே கேஸ் போடுவதா" என்று தயங்கி நிற்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அது பழிவாங்கல் இல்லை, அவளுடைய உரிமை. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசுங்கள்.

வழக்கு முடியக் காத்திருக்காமல், கூடவே இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள். கல்லூரிக் கட்டண ரசீது, ஹாஸ்டல் பில், பஸ் பாஸ், பணம் நின்ற மாதம் தெரியும் பாஸ்புக் பக்கம் எல்லாம் வேண்டும். சொத்து, வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரத்தை இரு தரப்பும் தர வேண்டும் என்பதால், அவர் சம்பளத்தை மறைப்பது சுலபமில்லை. "அம்மாதான் சம்பாதிக்கிறாளே" என்பார்கள். உங்கள் 11,000-ஐக் காட்டுங்கள். உங்கள் பங்கும் கணக்கில் வரும், ஆனால் அதனால் அவர் பொறுப்பு போய்விடாது.

அப்புறம் அந்த நான்கு மாதப் பாக்கி. அது பழைய உத்தரவின்படி வர வேண்டியது; மகள் மேஜரானதால் அழிந்துவிடாது. ஆனால் ஒவ்வொரு மாதத் தொகைக்கும், அது தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். தள்ளிப்போடாதீர்கள்.

வக்கீல் ஃபீஸை நினைத்துப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் தருகிறார்கள், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில். போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள், கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான்.