உறுதிமொழி எடுத்தால் போதுமா?

கேள்வி: மதப்பற்று மிகுந்த பல்கலைக்கழக மாணவர்கள் திருமணத்துக்கு முன் பாலுறவில் ஈடுபடுவது குறைவு என்கிறார்களே, அது உண்மையா? அப்படியானால் அவர்களுக்குப் பாலியல் கல்வி தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: முன்பாதி பெருமளவு உண்மை, பின்பாதியை ஏற்பதற்கில்லை. விண்ணப்பத்தில் மதம் என்ற இடத்தில் ஒருவர் எதை நிரப்புகிறார் என்பதைவிட, வழிபாட்டுக்கு எவ்வளவு தவறாமல் செல்கிறார், எத்தகைய நண்பர்களோடு பழகுகிறார் என்பவையே அவருடைய நடத்தையோடு நெருங்கிய தொடர்பு கொண்டவை. வீட்டை விட்டு விடுதிக்கு வந்த பிறகு பலரிடம் வழிபாடு குறைகிறது. நம்பிக்கை இருந்தாலும், அதைத் தாங்கி நின்ற சூழல் விலகிவிடுகிறது.

1993இல் அமெரிக்கக் கிறித்தவ இளைஞர்களிடையே தொடங்கிய ஓர் இயக்கத்தில், திருமணம் வரை காத்திருப்பதாகப் பதின்வயதினர் அட்டையில் கையெழுத்திட்டு உறுதிமொழி ஏற்றார்கள். பியர்மன், ப்ரூக்னர் என்ற சமூகவியலாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய உறுதிமொழி முதல் உறவைச் சராசரியாக 18 மாதங்கள் தள்ளிப்போட்டது. அதுவும் பள்ளியில் உறுதிமொழி ஏற்றவர்கள் சிறுபான்மையாக இருந்தால்தான். எல்லோரும் கையெழுத்திட்ட இடத்தில் அதற்குத் தனி மதிப்பில்லாமல் போயிற்று. 2009இல் ஜேனட் ரோசன்பாம், உறுதிமொழி ஏற்றவர்களை அதற்கு முன்பே அவர்களைப் போன்ற மனப்போக்கு கொண்டிருந்த மற்றவர்களோடு ஒப்பிட்டபோது, ஐந்தாண்டுகளுக்குப் பின் இரு தரப்பினரின் பாலுறவு நடத்தையில் வேறுபாடு தென்படவில்லை. உறுதிமொழி ஏற்றவர்களில் 82 சதவீதத்தினர் அப்படி எதுவும் ஏற்கவே இல்லை என்று சாதித்தார்கள். (மறதிக்கும் ஓர் எல்லை உண்டு.) முக்கியமான வேறுபாடு ஒன்றில் இருந்தது: ஆணுறையையும் பிற கருத்தடை முறைகளையும் அவர்கள் குறைவாகவே பயன்படுத்தினார்கள். ஆணுறையை முன்கூட்டி வாங்கி வைப்பது தவறு செய்யத் திட்டமிட்டதற்குச் சமம் என்று கருதுபவர், உணர்ச்சிவசப்பட்டு நேர்ந்துவிட்டது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளத்தான் விரும்புவார். ஆகவே, பாலியல் கல்வி அவர்களுக்குத்தான் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

கேள்வி: மதப்பற்றின் இந்தத் தாக்கம் பெண்களிடம்தான் அதிகமாமே?

பதில்: பல ஆய்வுகள் அப்படித்தான் காட்டுகின்றன. ஒழுக்க விதி இருபாலருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருந்தாலும், கண்காணிப்பு என்னவோ மகள்மீதுதான் விழுகிறது. ஆனால் கேள்வித்தாளில் கிடைக்கும் பதில்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் விடையைப் பிறர் பார்க்கக்கூடும் என்று நினைத்த மாணவிகள், தாம் உறவு கொண்டவர்களின் எண்ணிக்கையைச் சராசரியாக 2.6 என்றார்கள், பொய் கண்டறியும் கருவியோடு இணைக்கப்பட்டதாக நம்பிய மாணவிகள் 4.4 என்றார்கள். மாணவர்களின் விடையோ 3.7, 4.0 என ஏறத்தாழ மாறாமலே நின்றது. அந்தக் கருவி வேலையே செய்யவில்லை என்பது வேறு விஷயம். மதச் சூழலில் வளர்ந்தவருக்குப் பிறர் அறிந்துவிடுவார்களோ என்ற அச்சம் மேலும் கூடுதலாக இருக்கும் என்பதால், மதப்பற்று மிகுந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே ஆய்வுகளில் தெரியும் இடைவெளியில் ஒரு பகுதி நடத்தையில் உள்ளது, மறுபகுதி வெளியே சொல்வதில் உள்ளது என்றே கொள்ள வேண்டும்.