மருந்தைக் குடித்தவள்

அன்புள்ள ஐயா,
என் மகன் ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கிறான். ஸ்வீடிஷில் ‘கிஃப்ட்’ என்று எழுதி ‘யிஃப்ட்’ என்று படிக்கிறார்களாம். விஷம், கல்யாணமானவர் என்று அதற்கு இரண்டு அர்த்தமாம்! ஜெர்மனில் விஷம் மட்டும். ஆங்கிலத்தில் பரிசு. வாட்ஸ்அப் குழுவில் சிரித்து மாளவில்லை. இதில் உண்மையான பொருள் எது? வேர் தமிழாக இருக்குமோ?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

இந்த ஜோக்கை எனக்கும் நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். பெண்டாட்டியை விஷம் என்று சொல்லிச் சிரிப்பது எந்த மொழியிலும் ஊசிப்போன சோறு. வேர் தமிழா என்பதற்குள் நான் போகவில்லை, ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு இருக்கிறது.

மூன்றுமே ‘கொடு’ என்ற ஒரே ஜெர்மானிய வினையிலிருந்து வந்தவை. ‘பெரியவளை மதுரையில் கொடுத்திருக்கிறோம்’ என்கிறோமே, அதேதான் ஸ்வீடிஷ் கல்யாணமும். அங்கே இப்போது ஆணும் ‘யிஃப்ட்’தான், நாம்தான் இன்னும் பையனை எங்கும் கொடுக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பெண்ணுக்காகக் கொடுக்கும் பணம் என்று பொருள். ஜெர்மனில் ‘மிட்கிஃப்ட்’ இன்றைக்கும் வரதட்சணை.

விஷத்தின் கதை வேறு. கிரேக்க வைத்தியத்தில் ஒரு வேளை மருந்துக்கு ‘டோசிஸ்’ என்று பெயர். நேர்ப்பொருள், கொடுத்தல். நாம் சொல்லும் ‘டோஸ்’ அதுதான். லத்தீன் வழியாக அது வந்தபோது ஜெர்மானியர் தங்கள் ‘கொடுத்தலை’ அதன் இடத்தில் வைத்தார்கள். மருந்தாகக் கொடுத்தது, கொல்லக் கொடுத்ததாக ஆனது. விஷம் என்று வாய்விட்டுச் சொல்ல யாருக்கு மனசு வரும்? டச்சுக்காரர் விவரமானவர்கள். நன்கொடையை ‘கிஃப்ட்’ என்று விட்டுவிட்டு, விஷத்துக்கு வாலை நறுக்கி ‘கிஃப்’ என்றார்கள்.

‘உண்மையான பொருள் எது’ என்று மட்டும் இனி கேட்காதீர்கள். பழையதுதான் அசல், இன்றைக்குப் புழங்குவது போலி என்ற நினைப்பு நம் ஆட்களைப் பிடித்த நோய். ஜெர்மனியில் ‘கிஃப்ட்’ என்று எழுதிய புட்டியை யாரும் வேர்ச்சொல் பார்த்துத் திறப்பதில்லை. பேசுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவில் இருப்பதுதான் பொருள். அது தெரியாதவன் படும் பாட்டை நான் பட்டிருக்கிறேன்.

எனக்கு அப்போது ஏழு வயது. ஒரு மத்தியானம் அடுத்த வீட்டு அக்கா ‘மருந்தக் குடிச்சிட்டா’ என்று தெருவே ஓடியது. பருத்திக்கு அடிக்கிற மருந்து. எனக்கு அது தெரியாது. அவளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்பது மட்டும் தெரியும். திண்ணையில் உட்கார்ந்து தங்கச்சியிடம் சொன்னேன்: “அப்ப சரியாப்போயிடும்.” அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். மாவு பிசைந்த கை. எடுக்கவே இல்லை.

மகனிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.