பூச்சு கொட்டுது, உள்ள கம்பிக்கு என்ன ஆச்சு?

கேள்வி: மண்டபத்துல கடலுக்கு பக்கத்துல வீடு, கட்டி 17 வருஷம் ஆகுது. சன்ஷேட் அடியில நீளமா விரிசல், பீம்ல காவிக்கறை இறங்குது. கொத்தனார் பட்டி பாத்து பெயின்ட் அடிச்சா போதும்ங்கிறார், அடிச்சிரலாமா?
- வாசகி, மண்டபம்

பதில்: அடிக்காதீங்கம்மா. பட்டி பூசுனா துரு நிக்காது, உங்க கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். கம்பி போற போக்குலயே விரிசலும் ஓடி கறையும் இருந்தா அனேகமா துருதான், இரும்பு துருவாகும்போது 2 மடங்குல இருந்து 6 மடங்கு வரைக்கும் ஊதும், அந்த நெருக்கல்லதான் கான்கிரீட்டே வெடிக்குது, அப்ப விரிசல் தெரியுதுன்னா உள்ள வேலை ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு.

சின்ன சுத்தியலால தட்டிப் பாக்கச் சொல்லுங்க (சன்ஷேடுக்கு நேர் கீழ யாரும் நிக்க வேணாம்). நல்ல இடம் கெட்டியா 'டங்'குங்கும், விட்டுப்போன இடம் காலிப்பானை மாதிரி பொக்குனு கேக்கும். வெறும் பூச்சு மட்டும் விட்டிருந்தாலும் அதே சத்தம் வரும், அதனால சாக்பீஸ்ல வட்டம் போட்டு ஒரு இடத்த உடைச்சு கம்பியவே பாத்துருங்க.

சில இன்ஜினியருங்க உடைச்ச இடத்துல பினாப்தலீன்ங்கிற சோதனைத் திரவத்த தெளிச்சு, ரோஸ் கலர் வந்துருச்சு பயமில்லன்னு போயிருவாங்க. அது கம்பிய காக்குற காரத்தன்மை கான்கிரீட்ல இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். நம்ம கடற்கரையில வில்லன் உப்பு, காரம் நல்லா இருக்கும்போதே அதுல இருக்குற குளோரைடு கம்பிய தின்னும். ட்ரில் போட்டு ஆழம் ஆழமா தூள் எடுத்து லேப்ல குளோரைடு பாக்கணும். கூடவே துரு ஓடுதான்னு பாக்குற ஹாஃப் செல் டெஸ்ட், ஒரு கம்பிய வோல்ட்மீட்டர்ல மாட்டி, நனைச்ச கான்கிரீட் மேல காப்பர் சல்பேட் கரைசல் இருக்குற குழாய இடம் இடமா வச்சு அளவு எடுப்பாங்க. மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழ போனா 90 சதவீதத்துக்கு மேல துரு ஓடிட்டிருக்க வாய்ப்பு, மைனஸ் 200க்கு மேல, அதாவது பூஜ்யத்துப் பக்கமா நின்னா, துரு ஓடாம இருக்க அதே 90 சதவீதத்துக்கு மேல வாய்ப்பு, நடுவுல வந்தா ரெண்டுங்கெட்டான். எவ்வளவு தின்னுருக்குன்னு அது சொல்லாது, அதுக்கு கம்பிய சுரண்டி வெர்னியர் வச்சு அளக்கணும். காரைக்குடியில சிக்ரின்னு மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, துரு ஆராய்ச்சியும் பண்றாங்க, விசாரிங்க.

1914ல வந்த பழைய பாம்பன் ரயில் பாலத்து இரும்பு வெளிய தெரிஞ்சுச்சு, சுரண்டி பெயின்ட் அடிச்சாங்க. உங்க கம்பி மூடிக்கெடக்கே!

கேள்வி: புதுசா கட்டப்போறேன், போர் தண்ணி லேசா கரிக்குது, பரவாயில்லையா?
- வாசகர், தொண்டி

பதில்: நாக்க நம்பாதீங்க, டெஸ்டுக்கு குடுங்க. கம்பி போடுற கான்கிரீட்டுக்கு குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் தாண்டக்கூடாதுங்குது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456. கடல்காத்து படுற இடத்துல கம்பிக்கு கவர், அதாவது கம்பிய மூடுற கான்கிரீட் கனம், 45 மில்லிமீட்டர், கான்கிரீட் தரம் எம்30. அந்த இடைவெளி நிக்க கம்பிக்கு அடியில கவர் பிளாக் கட்டை வைக்கச் சொல்லுங்க, ஜல்லிய முட்டுக் குடுத்தா அன்னைக்கே வேலைய நிறுத்துங்க.