நான் எழுதியதை நானே எப்படிப் பிழை திருத்துவது?

'வலைத்தளத்துக்காக எழுதுகிறேன், பிழை பார்த்துத் தர ஆள் இல்லை, நானே எப்படித் திருத்துவது?' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 'ஆள் இல்லை'தான் என்னை எழுத வைத்தது. நான் மொரீஷியஸில் தமிழ் ஆசிரியை. வீதியில் கிரியோல், பத்திரிகையில் பிரெஞ்சு, அரசாங்கக் காகிதத்தில் ஆங்கிலம் என்று ஓடும் தீவு இது. தமிழ்நாட்டில் ஒருவர் தப்பாக எழுதினால் பத்துப் பேர் கேட்பார்கள். இங்கே கேட்க நாதியில்லை. ஒரு தடவை ஏறிய பிழை அடுத்த வருட அறிவிப்புக்கும் அப்படியே போகும், அதைப் பார்த்துப் பிள்ளைகளும் எழுதுவார்கள். உங்கள் நிலைமையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர்க் கோயில் தளத்தில் தைப்பூசக் காவடிப் பக்கத்தை எழுதுவது நான்தான். கொடியேற்றம், பத்து நாள் விரதம், காவடி புறப்படும் நேரம், கூடவே திருநாளின் கதை. எழுதி முடித்ததும் அன்றைக்குத் தொடமாட்டேன். மறுநாள் எழுத்தைப் பெரிதாக்கி, வாய்விட்டு வாசிப்பேன். ஏன் வாய்விட்டு என்கிறேன் என்றால், 'அன்னை முருகனுக்கு வேலை கொடுத்த நாள்' என்று எழுதிவிட்டால் எந்தத் திருத்தியும் சிவப்புக் கோடு போடாது. எல்லாம் சரியான சொற்கள். ஆனால் கையில் கொடுத்தது வேல் என்றால் 'வேலைக் கொடுத்த' என்று க் வர வேண்டும். கண் அதைத் தாண்டிப் போய்விடும், நாக்கு நிற்கும். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி என்ற எழுத்துப்பிழை திருத்தி, நாவி என்ற சந்திப்பிழை திருத்தி இரண்டையும் நானும் பயன்படுத்துகிறேன், நல்ல கருவிகள். 'தைப்பூச விலா' என்று வந்தால் மட்டும் அவற்றை நம்பி இருக்காதீர்கள். விலாவும் அகராதியில் இருக்கிற சொல்தானே.

இன்னொன்று, வாசித்தாலும் அகப்படாத பிழை. ஒரு வருடம் தளத்தின் தேடல் பெட்டியில் 'பௌர்ணமி' என்று போட்டேன். ஒன்றும் வரவில்லை. பக்கமோ கண் முன்னால் இருக்கிறது, அதில் சொல்லும் இருக்கிறது. பழைய அறிவிப்பிலிருந்து எடுத்து ஒட்டிய வரி அது. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியாகத் தட்டியிருந்தார்கள்: பெளர்ணமி. திரையில் வித்தியாசமே தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். கௌரி, சௌந்தரம், மௌனம் எல்லாவற்றிலும் இதே கதை. இதைக் கண்டதும் 'ெள' வரும் இடத்தையெல்லாம் ஒரே அடியாக மாற்றிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமையும் தெளிவும் சேர்ந்து சிதைந்துவிடும். ஒவ்வொன்றாகத் தேடி, பார்த்துப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

தேதி, கிழமை, நேரம் மூன்றையும் தனியாக ஒரு சுற்று நாட்காட்டியோடு ஒப்பிடுங்கள். ஊர்ப் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். மேலே போர்ட் லூயிஸ், கீழே போர் லூயி என்று இருக்கக் கூடாது.

'ஒற்றுக்கெல்லாம் இவ்வளவு பாடா, சொல்ல வந்தது புரிந்தால் போதாதா' என்று சிலர் சொல்வார்கள். பேச்சுக்குப் போதும். தமிழை எழுத்தில் மட்டுமே சந்திக்கிற பிள்ளைக்குப் போதாது. நான் பண்டிதர் இல்லை. சந்தி விதி முழுவதும் எனக்கு மனப்பாடம் என்றும் சொல்லவில்லை.

மனசில் கிடக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு அறிவிப்பை இயந்திரத்தில் போட்டு எடுத்து, முதல் நாள் இரவு எட்டு மணிக்கு அனுப்பி, 'டீச்சர், சும்மா ஒரு பார்வை பார்த்துக் கொடுங்கள், யார் படிக்கப் போகிறார்கள்' என்கிறார்கள். யார் படிக்கப் போகிறார்களா? 1998இல் புது ரூபாய் நோட்டில் இந்தியை மேலே ஏற்றித் தமிழைக் கீழே தள்ளியபோது இந்தத் தீவின் தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. நோட்டுகளைத் திரும்பப் பெற்று, ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற பழைய வரிசையில்தான் மறுபடி அச்சடித்தார்கள். நோட்டில் ஒரு வரிக்கு அவ்வளவு பேர் எழுந்து நின்ற ஊரில், நம் சொந்தக் கோயில் பக்கத்தில் நாமே எழுதும் தமிழ் எப்படிப் போனாலும் பரவாயில்லையா? இப்போதெல்லாம் இயந்திரத் தமிழை நான் திருத்திக் கொடுப்பதில்லை. பிரெஞ்சு மூலத்தை வாங்கிப் புதிதாகவே எழுதிக் கொடுக்கிறேன், அதுதான் சீக்கிரமும் முடிகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு அடிக்கடி சறுக்கும் சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்து, ஏற்றும் முன் ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள். ஏற்றிய பிறகு கைப்பேசியில் திறந்து தலைப்பையும் படத்தின் கீழுள்ள வரியையும் பாருங்கள். திருத்தும்போது எல்லோரும் விட்டுவிடுவது அந்த இரண்டு இடத்தைத்தான்.