கேளுங்கள் சொல்கிறோம்: வால்வு எங்கே, எப்படித் திருகுவது?

கேள்வி: சமையலறைக் குழாயை மாற்ற வேண்டும். தண்ணீரை எங்கே நிறுத்துவது?

பதில்: முதலில் சிங்க்குக்கு அடியில் பாருங்கள். சுவரோரம் ஆங்கிள் காக் (அந்தக் குழாய்க்கு மட்டுமான சிறு வால்வு) இருந்தால் அதை மூடினாலே போதும். இல்லையென்றால் மெயின் வால்வு. மீட்டரை ஒட்டியோ, குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்திலோ இருக்கும். தரையில் பதித்த பெட்டிக்குள் மண்மூடிக் கிடப்பதும் உண்டு. மாடியில் தொட்டி இருந்தால் மீட்டர் வால்வை மூடிப் பயனில்லை. தொட்டிக்கு ஏறும் தண்ணீர்தான் நிற்கும், குழாயில் வந்துகொண்டே இருக்கும். தொட்டியின் அடியிலிருந்து இறங்கும் குழாயில் உள்ள வால்வை மூடுங்கள்.

கேள்வி: வட்டக் கைப்பிடி வால்வு அசையவே மாட்டேன் என்கிறது. ஸ்பேனர் போடலாமா?

பதில்: வேண்டாம். அது கேட் வால்வு. உள்ளே ஸ்பிண்டிலின் (கைப்பிடியோடு சுழலும் தண்டின்) நுனியில் ஒரு தகடு ஏறி இறங்கும். பல வருடம் தொடாமல் விட்டால் உப்புப் படிந்து தகடு ஒட்டிக்கொள்ளும். முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்பிண்டில் முறிந்து, கைப்பிடி மட்டும் சும்மா சுற்றும். கை வைக்கும் முன் இதற்கு முந்தைய வால்வு எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள், உடைந்தால் அதுதான் கதி. பிறகு கைப்பிடிக்குக் கீழே உள்ள கிளாண்ட் நட்டைக் கால் சுற்று தளர்த்தி, கழுத்தில் துரு இளக்கும் எண்ணெய் சில துளி விட்டு, 15 நிமிடம் பொறுத்து, கையாலேயே முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுங்கள். இளகியதும் நட்டைக் கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். முழுக்கத் திறந்தபின் கால் சுற்று பின்னால் திருப்பி விட்டால் அடுத்த முறை இந்தப் பாடு இருக்காது. மாற்றுவதாக இருந்தால் பால் வால்வு (தகட்டுக்குப் பதில் துளையுள்ள உருண்டை சுழல்வது) போடுங்கள். கைப்பிடி குழாயின் நீளவாக்கில் இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் மூடல்.

கேள்வி: குழாயை மூடினால் சுவருக்குள் 'டம்' என்கிறது. மெயின் வால்வைப் பாதி மூடி வைக்கலாமா?

பதில்: வேகம் குறையும், அழுத்தம் குறையாது. எல்லாக் குழாயும் மூடியதும் உள்ளே பழைய அழுத்தமே வந்து நிற்கும்; தகடுதான் தேயும். சத்தத்துக்கு அதிக அழுத்தம் காரணமா என்று அறிய, மரையுள்ள ஒரு குழாயில் பிரஷர் கேஜ் (அழுத்தமானி) மாட்டி, வேறெதையும் திறக்காமல் பாருங்கள். 40 முதல் 60 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) சரியான அளவு. 80-ஐத் தாண்டினால் அழுத்தம் குறைக்கும் வால்வு தேவை. ஏற்கெனவே இருந்தால், மெயின் வால்வை அடுத்து மணி போன்ற வடிவில் தெரியும். உச்சியில் உள்ள லாக் நட்டைத் தளர்த்தி, திருகைக் கால் சுற்று இடப்புறம் திருப்புங்கள். ஒரு குழாயைத் திறந்து மூடி, மறுபடி கேஜைப் பாருங்கள். வலப்புறம் திருப்பினால் அழுத்தம் ஏறும். குறைத்து வைத்தும், ஹீட்டர் ஓடாதபோதே முள் மெல்ல மேலே போகிறதென்றால், உள்ளே அழுக்கு சிக்கியிருக்கிறது அல்லது வாஷர் தேய்ந்திருக்கிறது. அப்போது திருகைத் தொடாதீர்கள், வால்வைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.