அவர் ஏன் இப்படி எரிந்து விழுகிறார்?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. நுரையீரல் புற்றுநோய் முதுகெலும்பில் பரவிவிட்டது. சில மாதங்கள்தான் என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். மாமியார் வற்புறுத்தியதால் அவரிடம், நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றே சொல்லி வைத்திருக்கிறோம். வலிக்கு 4 மணிக்கொரு தரம் 10 மி.கி. மார்பின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அடிமையாகிவிடுவாரோ என்று பயந்து, தாங்க முடியாதபோது மட்டும் கொடுக்கிறேன். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை காலையும் இரவும். தூங்குவதே இல்லை. தட்டைத் தள்ளிவிடுகிறார், தொட்டால் கையைத் தட்டிவிடுகிறார். 24 வருடம் வாழ்ந்த பிறகு நான் வேண்டாதவளாகிவிட்டேனா?

பதில்: தட்டிவிடும் அந்தக் கையை வைத்து இத்தனை வருட வாழ்க்கையை அளக்காதீர்கள். அதில் வலிக்கு எவ்வளவு பங்கு, மருந்துக்கு எவ்வளவு பங்கு என்று முதலில் பார்த்துவிடுவோம்.

சாதாரண மார்பின் மாத்திரை சுமார் 4 மணி நேரம்தான் நிற்கும். வலி ஏறிய பின் கொடுத்தால், அது வேலை செய்யத் தொடங்கவே அரை மணி ஆகும். நாள் முழுக்க அவர் வலிக்கும் மாத்திரைக்கும் நடுவே கிடக்கிறார். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பதுதான் முறை. இதுவரை விட்டுவிட்டுக் கொடுத்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, அளவை உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள். நடுராத்திரி வேளைக்கு என்ன செய்வது, இடையில் வலித்தால் எவ்வளவு கூடுதலாகத் தரலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கும்போது அடிமையாவது அரிது. முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. அதற்கு பிசகோடில் போன்ற மலமிளக்கி மாத்திரையை மார்பினோடு சேர்த்தே கேளுங்கள். தண்ணீர் அதிகம் குடிக்காதவருக்கு இசப்கோல் கொடுத்தால் மலம் இன்னும் இறுகிவிடும். நாலு நாள் வயிறு போகாதவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளத்தான் செய்வார்.

டெக்சாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கும், சிடுசிடுப்பைக் கூட்டும். இரவு வேளையை மதியம் 2 மணிக்கு முன் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நீங்களாகத் திடீரென நிறுத்தக் கூடாது.

தொடுவதற்கும் இதே கணக்குதான். எலும்பில் பரவியவரைத் தோளைப் பிடித்துத் திருப்பினாலே உயிர் போகும் வலி. குளிப்பாட்டுவதை மாத்திரை கொடுத்து முக்கால் மணி கழித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே பிடித்தால் வலிக்காது என்று அவரிடமே கேட்டுப் பிடியுங்கள். கால் திடீரெனத் துவண்டாலோ மரத்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தண்டுவடம் நசுங்கும் அறிகுறி அது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பேச்சு திடீரெனக் குழம்பினாலும் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இவ்வளவும் சரியான பிறகும் கொஞ்சம் கோபம் மிஞ்சும். அது பெரும்பாலும் அந்த ரகசியத்தால். உடம்பு இளைப்பது அவருக்குத் தெரியாதா? அவர் வந்தால் பேச்சு நிற்பதும் தெரியும். உங்களைத் தொட்டால் நீங்கள் உடைந்துவிடுவீர்களோ என்றுகூட அவர் ஒதுங்கலாம்.

வலி அடங்கிய ஒரு வேளையில், நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது, டி.வி.யை அணைத்துவிட்டு, “உடம்பைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். “சரியாயிடும்” என்று முடித்துக்கொண்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். “நான் பிழைக்க மாட்டேனா?” என்று கேட்டால், “அப்படியெல்லாம் பேசாதீங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள், அதோடு அவர் வாயை மூடிக்கொள்வார். “அதையே நினைச்சுக்கிட்டு இருக்கீங்களா?” என்று கேளுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். விவரத்தை டாக்டர் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். மாமியாரிடம், “நாமா போய்ச் சொல்ல வேண்டாம் அத்தை. அவர் கேட்டா என்னால பொய் சொல்ல முடியாது” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வங்கிக் கணக்கு, நிலப் பத்திரம், பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது என்று அவரும் முடிக்க நினைப்பது இருக்கும். அந்த உரிமை அவருடையது.

வலி அடங்கி இரண்டு வாரமாகியும் எதிலும் பிடிப்பில்லாமல், “செத்தா தேவலை” என்று சொன்னால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் தூங்குவது எப்போது என்று எழுதவே இல்லை. வாரத்தில் இரண்டு இரவாவது வீட்டில் வேறு யாராவது அவரோடு படுக்கட்டும். தமிழ்நாட்டில் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நர்ஸ் பற்றி விசாரியுங்கள். வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். மனம் விட்டுப் பேச டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416 இரவிலும் இயங்குகிறது. அது உங்களுக்கும்தான்.